மூன்று பொட்டலங்கள்

ஆரல்வாய்மொழி துணைமின்நிலையத்தின் பின்னறை.
ஏ.சி. பழுதாகி இரண்டு நாள்.
ஆடியில் அது தேவையுமில்லை,
கதவை ஒரு சாண் திறந்துவைத்தால்
கணவாய் முழுக்க உள்ளே வந்துவிடும்.
கதவுக்கு முட்டு, போன வாரம் கழற்றிய சர்வர்.

புதியதில் ஆன்றோ சொருகிய கார்டு
உள்ளங்கையளவு.
நானூற்றுப் பத்து காற்றாலைகள் சொல்வதையும்
வேலியோரக் கேமராக்கள் இரவெல்லாம் பார்க்கும்
ஒன்றுமில்லாததையும்
வந்த வேகத்தில் பூட்டி நாகர்கோவிலுக்கு அனுப்பும்.
தொண்ணூறில் கொதித்துக்கொண்டிருந்த பிராசஸர்
ஒன்பதுக்கு இறங்கிவிட்டது.
"இனி உன் மென்பொருளுக்கு என்ன வேலை விஜிலா,
சும்மா இருக்கச் சொல்லு" என்றான்.

சும்மா இருக்கிற ஆளில்லை அது.
மணிக்கொரு தடவை எதிர்முனையைக் கூப்பிட்டு
ஊர் கேட்டு, பேர் கேட்டு, சான்றிதழ் வாங்கிப் பார்த்து,
சந்தேகப்பட்டு, மறுபடி கேட்டு,
இருவருமாக ஒரு புதுச் சாவிக்குச் சம்மதித்து
அதைக் கார்டின் கையில் கொடுக்கும்.
கார்டு யாரையும் ஒன்றும் கேட்காது.
சாவி, எண், பூட்டு. சாவி, அடுத்த எண், பூட்டு.
வரிசை பிசகாதவரை
அதைப்போல் உழைப்பாளி இந்த மாவட்டத்தில் இல்லை.

இரண்டு நாற்பதுக்கு வரிசை பிசகியது.

வெள்ளமடத்துப் பக்கம் கம்பத்தில் தொங்கும் கேபிளைக்
காற்று பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.
போனவற்றில் சில போய்ச் சேரவில்லை;
திரும்ப அனுப்பு என்றது நாகர்கோவில்.
பழைய எண்ணோடு மறுபடி வந்த பொட்டலங்களைப் பார்த்து
இது என் கணக்கில் இல்லை, பூட்டித்தான் வந்திருக்கும்
என்று விலகிக்கொண்டது கார்டு.
வாசலில் அது நிற்கிறதே, பூட்டிவிடும்
என்று அனுப்பிவைத்தது மென்பொருள்.

நான் அப்போது கம்பியில் போவதையெல்லாம்
திரையில் ஓடவிட்டு
ஆறிய சாயாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.
புரியாத எழுத்து, புரியாத எழுத்து,
பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து.
என் தொழிலில் நிம்மதி என்றால் இதுதான்.
பிறகு மூன்று வரிகள்:

டர்பைன் 31. காற்று 25.1. நிறுத்தம்.
டர்பைன் 31. இறக்கைக் கோணம் 88.
டர்பைன் 31. பிரேக் சரி.

என்னால் வாசிக்க முடிந்தது.

ரகசியம் ஒன்றுமில்லைதான்.
விடிந்தபின் பஸ் ஸ்டாப்பில் எவன் அண்ணாந்தாலும்
முப்பத்தொன்று நிற்பது தெரியும்.
ஆனாலும் குளியலறைக் கதவு தானாகத் திறந்ததுபோல்
எழுந்து நின்றுவிட்டேன்
அந்த அறையில் தனியாக.

குளச்சலில் ஆன்றோ மூன்றாவது அழைப்பில் எடுத்தான்.
பின்னால் இரைந்தது கடலா மின்விசிறியா, தெரியவில்லை.
"உன்னோடது பூட்டும்னு நினைச்சேன்."
"நான் உன்னோடதுன்னு."
கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் மட்டும்.

பதினோரு வரி எழுதினேன்.
கார்டுக்குத் தெரியாத எண் என்றால்
மென்பொருளிடமே திருப்பிக் கொடு.
அது பைய ஒவ்வொன்றாகப் பூட்டட்டும்.
அதற்கும் முடியாதென்றால் கீழே போடு.
போகாமல் போகட்டும், திறந்து போக வேண்டாம்.

"வேகம் எவ்வளவு குறையும்?"
"நூற்றுக்கு ரெண்டு."
"அந்த ரெண்டுக்குத்தானே நான் மூணு மாசம்..."
"தெரியும் ஆன்றோ. தூங்கு."

அடுத்த காற்றுக்குக் காத்திராமல்
நானே கேபிளைப் பிடுங்கினேன், சொருகினேன்,
பிடுங்கினேன். முப்பது தடவை.
விரல்நுனி சிவந்தது.
புரியாத எழுத்து. புரியாத எழுத்து.
மென்பொருள் பூட்டியவற்றுக்குத் தனிக்கணக்கு வைத்தேன்:
ஐந்தரை வரை இருநூற்றுப் பன்னிரண்டு.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
காற்று என்று எழுதினேன். அழித்தேன்.
அது எல்லா ஆடியிலும் வருவதுதான்.
மரியாதை என்று எழுதினேன்.
மேலாளருக்கு விளங்காது, ஃபோனில் கேட்பார்.
கேட்கட்டும்.

தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றிப்போகும் டெம்போ
விளக்கை அணைத்துக்கொண்டு கடந்தது.
இருநூற்றுப் பதின்மூன்று.
முப்பத்தொன்று இன்னும் சுற்றவில்லை.